விதைநெல் அடுப்புக்குப் போகாமல் இருக்க

பட்டினியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அறுவடையை வைத்தே பேசுகிறார்கள். விளைச்சல் எவ்வளவு, வெள்ளத்தில் போனது எவ்வளவு, சண்டையில் எரிந்தது எவ்வளவு என்று கேட்கிறார்கள். கீழ்பர்மாவில் உழுது பிழைக்கும் எங்களைக் கேட்டால், பட்டினி வருமா வராதா என்பது முடிவாவது ஆடி மாதத்தில் என்போம். பழைய நெல் தீர்ந்திருக்கும், புது நெல் களத்துக்கு வர நான்கு மாதம் இருக்கும். அந்த நேரத்தில் வீட்டுப் பானையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கார்த்திகையில் எவ்வளவு விளையும், விளைந்ததில் எவ்வளவு நமக்கு மிஞ்சும் என்பதெல்லாம்.

நான் பெகு வட்டாரத்துக்காரி. இன்று பகோ என்கிறார்கள், எங்கள் வீடுகளில் இன்னும் பெகுதான். தாத்தா காலத்திலிருந்து குத்தகை உழவு. எங்கள் மாரியம்மன் கோயிலை ஒட்டியுள்ள பழைய கொட்டகையில் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு விதைக்களஞ்சியம் நடத்தி வருகிறோம். தமிழர், பர்மியர், மலைப்பக்கமிருந்து சண்டைக்குத் தப்பி வந்த கரேன் மக்கள் என்று எல்லோரும் அதில் எடுக்கிறார்கள், திருப்பித் தருகிறார்கள். ஊரின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இன்றைய நிலையில் அதுதான் எல்லோருக்கும் நல்லது.

நாட்டின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்கு முன் ஒரு டாலருக்கு 1,300 கியாட் சொச்சம் இருந்தது. பிறகு வெளிச்சந்தையில் 4,000-ஐத் தாண்டிப் போனது. டீசல், உரம், பூச்சிமருந்து எல்லாம் பெரும்பாலும் இறக்குமதி என்பதால் உழவுச் செலவும் அதோடு ஏறியது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலாக்கினார்கள்; ஆண்களில் 18 முதல் 35 வயது வரை, பெண்களில் 18 முதல் 27 வரை. வயலில் இறங்க வேண்டிய பிள்ளைகள் தாய்லாந்துக்கு ஓடினார்கள். 2025 மார்ச்சில் உலக உணவுத் திட்டம் சொன்ன கணக்குப்படி, 1 கோடியே 52 லட்சம் பேருக்கு அன்றாட உணவுக்கே வழியில்லை. நாட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். அதே மாதத்தில்தான், பணமில்லாததால் பத்து லட்சம் பேருக்கு மேல் உதவியை நிறுத்தப்போகிறோம் என்றும் அறிவித்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் சகாயிங் பக்கம் 7.7 அளவில் நிலநடுக்கம். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆண்டுக்கு முப்பது லட்சம் டன் அரிசியைக் கப்பலேற்றி, ஏற்றுமதியில் உலகிலேயே முதலிடத்தில் இருந்த நாடு இது. எழுதும்போதே நெஞ்சு கனக்கிறது.

இனி ஆடி மாதத்துக்கு வருகிறேன். பர்மாவில் சபாபே என்று ஒரு பழக்கம் நெடுங்காலமாகவே உண்டு. நடவு நேரத்தில் கையில் பணமில்லாதவன், அறுவடையில் இத்தனை கூடை நெல் தருகிறேன் என்று சொல்லித் தரகரிடமோ ஆலைக்காரரிடமோ முன்பணம் வாங்குவது. விலையை அன்றே பேசிவிடுவார்கள். களத்தில் இருக்கப்போகும் விலையில் பாதி கிடைத்தாலே பெரிது. வட்டி என்ற பேச்சே வராது, ஆனால் கணக்குப் போட்டால் எந்த வட்டிக்கடையும் இதன் பக்கத்தில் நிற்காது.

பக்கத்துத் தெருச் சித்தப்பா ஒரு வருஷம் இப்படி விற்றுவிட்டார். “நாத்தே இன்னும் பிடுங்கலை, அதுக்குள்ள நெல்லை வித்துட்டீங்களா சித்தப்பா?” என்றேன். “என்ன செய்யச் சொல்ற பாப்பா? பேரனுக்கு டெங்கு. ஆஸ்பத்திரிக்கும் அரிசிக்கும் சேர்த்து வேணுமே” என்றார். அந்த வருஷம், 2023 அக்டோபரில், பெகுவில் வயதானவர்களே பார்த்திராத வெள்ளம் வந்தது. கதிர் பிடிக்கும் நேரத்து நெல் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. விற்ற நெல்லை மட்டும் கொடுத்தாக வேண்டும். சந்தை விலைக்கு நெல் வாங்கித் தரகருக்கு அளந்தார். விளைவித்தவரே அரிசிக்குக் கடன்காரரானார்.

உதவி செய்ய வருகிறவர்கள் உணவு உதவி வேறு, விவசாய உதவி வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். முன்னதைக் கொடுத்தால் மக்கள் கையேந்தப் பழகிவிடுவார்கள், பின்னதைக் கொடுத்தால் சொந்தக் காலில் நிற்பார்கள் என்று ஒரு பேச்சும் உண்டு. ஆடி, ஆவணியில் உழவன் வீட்டுக்குப் போகும் ஒரு மூட்டை அரிசிதான் எங்கள் ஊரில் நான் பார்த்த மிகப் பெரிய விவசாய உதவி. அந்த மூட்டை இருந்தால் அவன் சபாபே வாங்கமாட்டான். விதைக்கென்று எடுத்துவைத்த நெல்லைக் குத்தமாட்டான். தன் வயலில் களை மண்டிக் கிடக்க அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போகமாட்டான். இந்த மூன்றாவதை வெளியில் இருந்து பார்ப்பவர்கள் கவனிப்பதே இல்லை. நட்ட நாலாவது, ஐந்தாவது வாரத்தில் களை எடுக்காத வயலில் பின்னால் எவ்வளவு உரம் போட்டாலும் ஈடாகாது. அதே மூட்டையைத் தை மாதத்தில் கொடுத்தால் அன்றைய சோறு அது, அவ்வளவே. எனவே உதவ நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது நாட்காட்டியைத்தான்: வைகாசி முடிவதற்குள் விதை, ஆடியில் அரிசி, ஐப்பசிக் கடைசியில் பயறு விதை. இதில் மூன்று வாரம் தள்ளினால், எவ்வளவு நல்ல மனசோடு கொடுத்தாலும் பாதி வீண்.

களஞ்சியத்தின் ஏற்பாடு எளியது. ஒரு கூடை விதைநெல் எடுத்தால் அறுவடையில் ஒன்றேகால் கூடை திருப்ப வேண்டும். பர்மா நெல் கூடை 46 ராத்தல், ஏறக்குறைய 21 கிலோ. அந்தக் கால் கூடைதான் எலிக்கும் ஈரத்துக்கும் போவதையும் புதிதாக வருகிறவர்களுக்கான பங்கையும் ஈடுகட்டுகிறது. பணமாகக் கொடுப்பதில்லை, பணமாக வாங்குவதும் இல்லை. கியாட்டின் மதிப்பு இப்படி உருகும்போது பணத்தில் கடன் கொடுத்தால் களஞ்சியம் இரண்டே போகத்தில் காலியாகிவிடும். நெல் நெல்லாகத் திரும்பினால் அடுத்த வருஷமும் அதே அளவு நிலத்துக்கு விதை இருக்கும். வெள்ளத்தில் பயிர் போனவர்கள் அடுத்த போகத்தில் தரலாம். நிலப் பத்திரம், நகை, எதையும் அடமானமாக வாங்குவதில்லை என்பது எழுதாத சட்டம்.

அடமானம் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் எங்கள் வரலாறு. கீழ்பர்மாவின் சதுப்புக்காடு வயலானதில் தமிழ்நாட்டுச் செட்டியார்களின் முதலுக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்க் கூலிகளின் உழைப்புக்கும் உண்டு. 1930-களில் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை விழுந்தது, கடன் கட்ட முடியாத நிலமெல்லாம் கைமாறியது. 1930-இல் முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு செட்டியார்களிடம் இருந்தது. 1938-க்குள் அது 25 ஆனது. நிலம் வேண்டும் என்று அவர்கள் வந்ததில்லை, கொடுத்த பணம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆனாலும் நிலமிழந்த பர்மிய உழவனின் கண்ணுக்கு எல்லா இந்தியரும் ஒன்றாகத் தெரிந்தார்கள். அந்தக் கசப்பின் விளைவைச் சுமந்தவர்களில் ஒரு பைசா வட்டிக்குக் கொடுத்திராத எங்கள் தாத்தாக்களும் உண்டு. பசிக்கு உதவுகிறோம் என்று சொல்லி இன்று தமிழர்கள் நடத்தும் எதிலும் நிலத்தின் மேல் கை வைக்கும் வாசனையே வரக்கூடாது.

விதையைப் பற்றி இன்னும் கொஞ்சம். நன்கொடை விதை வந்தால் நாங்கள் மூட்டையின் மேல் அச்சடித்திருப்பதை நம்புவதில்லை. நூறு மணியை எண்ணி, ஈரத்துணியில் சுருட்டி, காயாமல் பார்த்து, ஏழாம் நாள் முளைத்ததை எண்ணுகிறோம். எண்பதுக்குக் கீழே இருந்தால் அதை விதையாகக் கொடுப்பதில்லை. எழுபது முளைக்கிறதே, கொஞ்சம் கூடுதலாகத் தூவிக்கொள்ளலாமே என்பார்கள். மழை பொய்க்காத வருஷத்தில் அது சரி. வீட்டில் வேறு விதை இல்லாத ஒருவருக்கு அதைக் கொடுத்து, முளைக்காமல் போனால், அவருடைய ஒரு வருஷத்தையே எடுத்துக்கொண்டதாகிறது.

நல்ல மணியைப் பிரிக்க உப்புத் தண்ணீர் போதும். வாளித் தண்ணீரில் ஒரு புது முட்டையைப் போடுங்கள், அடியில் கிடக்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை மேலே எழும்பி ஒரு காசளவு வெளியே தெரியும். அந்தத் தண்ணீரில் விதைநெல்லைக் கொட்டி, மிதப்பதை வாரிக் கோழிக்குப் போட்டுவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவிவிட வேண்டும். கழுவாமல் விட்டால் உப்பு முளையைக் கெடுக்கும். சேமித்து வைப்பதில், காற்றுப் புகாத தடித்த உட்பை போட்ட மூட்டைக்கு நிகரில்லை. கீழ்பர்மாவின் மழைக்காலத்தில் சாதாரணச் சாக்கில் வைத்த விதை, ஈரம் குடித்துக் குடித்தே முளைப்பை இழந்துவிடும்.

ரகத்தில் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்பதே நல்லது. மனோதுக்கா இன்னும் எங்கள் பக்கத்தில் மதிப்புள்ள நெல். தாழ்வான வயலுக்குச் சுவர்ணா சப்-1 போன்ற ரகங்கள் உதவும். நாற்று முழுதாக மூழ்கி இரண்டு வாரம் இருந்தாலும் பிழைக்கும் குணத்தை ஒடிசாவின் ஒரு பழைய நெல்லிலிருந்து எடுத்து அதில் சேர்த்திருக்கிறார்கள். வீரிய ஒட்டு விதையை மட்டும் இந்தக் காலத்தில் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வருஷமும் புதிதாக வாங்க வேண்டிய விதை, சாலை எப்போது மூடும் என்று தெரியாத ஊருக்கு ஆகாது.

ஆள் பற்றாக்குறைதான் இப்போது எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்கிறது. நடவுக்கு ஆளில்லாமல் முளைகட்டிய நெல்லை நேரடியாகத் தூவுகிறார்கள். தூவினால் விதை இரண்டு பங்கு செலவாகும், களையும் கூடும். எங்களுக்கு இதில் கைகொடுத்தது உருளை விதைப்பான். துளையுள்ள பிளாஸ்டிக் உருளைகளை ஒரு தண்டில் கோத்து, சேற்றில் ஒரே ஆள் இழுத்துப் போகிற எளிய கருவி. வரிசையாக விழுவதால் விதையும் மிச்சம், வரிசைக்கு நடுவில் களைக்கருவியும் ஓட்டலாம். பெண்கள் இழுக்கும் எடைதான். ஒரு கருவியை ஊரே முறைவைத்துப் பயன்படுத்தலாம். வீட்டுக்கு ஒன்று என்று யாராவது வாங்கித் தர வந்தால் வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பணத்துக்கு விதை கேளுங்கள்.

அதோடு ஒன்று: வயல்வேலை இன்று பெரும்பாலும் பெண்கள் கையில். பயிற்சிக் கூட்டம் என்றால் இன்றும் குடும்பத் தலைவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்தத் தலைவர் தாய்லாந்து எல்லை ஊரான மேசோட்டில் ஏதோ ஒரு பட்டறையில் இருக்கிறார். கூட்டத்தைக் காலை ஒன்பது மணிக்கு வைக்காமல், சமையலும் முடிந்து வெயிலும் ஏறிய நேரத்தில், பிள்ளைகளைக் கூட்டிவரலாம் என்று சொல்லி வைத்தால் பெண்கள் வருகிறார்கள்.

உரம் பெரிய சங்கடம். விலை ஒரு பக்கம். வெடிமருந்துக்குப் போகும் என்ற சந்தேகத்தில் சண்டைப் பகுதிகளுக்கு உரம் கொண்டுபோவதைத் தடுக்கிறார்கள் என்பது மறுபக்கம். யூரியா மூட்டைகளோடு சோதனைச்சாவடியில் நிற்கும் லாரிக்காரருக்கு என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே உரத்தை மொத்தமாக ஏற்றி அனுப்பும் திட்டத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. அக்கம்பக்கத்துக் கடையில் சிறு அளவில் வாங்கிக்கொள்ளட்டும். வாங்கிய ஒரு மூட்டையை வீணாக்காமல் போடக் கற்றுக்கொடுப்பதே லாபம். பச்சை நிறப் பட்டைகள் கொண்ட இலைவண்ண அட்டை அதற்கு நல்ல துணை. உடம்பின் நிழலில் வைத்து, மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிட்டு, பத்துச் செடி பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் வெளிறியிருந்தால் மட்டும் யூரியா. எங்கள் ஊரில் அட்டை வந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு இறைக்கும் பழக்கம் குறைந்தது.

நெல்லுக்குப் பின் வருவது உளுந்து. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. நெல் அறுத்த ஈரம் காயும் முன் உளுந்தையோ பாசிப்பயறையோ தூவிவிட்டால் போதும், பாசனமே இல்லாமல் மூன்று மாதத்தில் காசாகும். காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும் பயிர் என்பதால் யூரியா கேட்காது. வேர்முடிச்சு நுண்ணுயிர் உரம் கிடைத்தால் விதையோடு கலந்துகொள்ளலாம். இந்தியா வெளியிலிருந்து வாங்கும் உளுந்தில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து போவது. 2021 ஜூனில் செய்த ஒப்பந்தப்படி ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் வாங்க இந்தியா ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டு இட்லிப் பானைக்கும் எங்கள் வயலுக்கும் இருக்கும் உறவை அங்கிருப்பவர்கள் அறிந்தால் மகிழ்வேன்.

2023 வெள்ளம் வடிந்ததும் களஞ்சியத்திலிருந்து நெல்லுக்குப் பதில் உளுந்துதான் கொடுத்தோம். வடிந்த வயலில் வண்டல் இருந்தது, ஈரம் இருந்தது. சித்தப்பாவும் எடுத்தார். மாசியில் பறித்த உளுந்துதான் தரகர் கணக்கின் பெரும்பகுதியைத் தீர்த்தது. ஒன்று கவனிக்க வேண்டும்: மார்கழி தாண்டி விதைத்தால் ஈரம் போய்விடும், விளைச்சலும் போய்விடும். மஞ்சள் தேமல் கண்ட செடியை அன்றே பிடுங்கிப் புதைக்க வேண்டும், வெள்ளை ஈ அதைப் பரப்பிவிடும். விதைக்கு எடுத்து வைப்பதில் கிலோவுக்கு ஒரு சிறு கரண்டி சமையல் எண்ணெய் பிசறி வைத்தால் பயறு வண்டு அண்டாது.

கிழக்கே மலையடிவாரத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தத் திட்டம் எதுவும் பொருந்தாது. முதலில் எல்லோருக்கும் போல விதைநெல் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு கரேன் பெண் பர்மிய மொழியில் சொன்னாள்: “அமா (அக்கா), எங்க வயல்ல கண்ணிவெடி. விதையை வெச்சுக்கிட்டு எங்க விதைக்கிறது? ஒரு மாசத்துல கைக்கு வர்றது ஏதாவது கொடுங்க.” 2023-இல் கண்ணிவெடியாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் உலகிலேயே அதிகம் பேர் செத்ததும் ஊனமானதும் இந்த நாட்டில்தான். பதிவானதே 1,003 பேர். வயலுக்குப் போக வழி இருக்கிறதா என்று கேட்காமல் யாருக்கும் விதை கொடுக்கக்கூடாது. வீட்டில் விதை இருந்தால், போகக்கூடாத வயலுக்கும் மனம் போகத் துடிக்கும்.

அவர்களுக்குச் சரிப்பட்டது கீரை. வள்ளல் கீரை நான்கு வாரத்தில் அறுக்கலாம், அறுக்க அறுக்கத் துளிர்க்கும். புளிச்சக்கீரை பர்மாவில் எல்லா இனத்தாரும் விரும்பும் கறி, எந்த மண்ணிலும் வரும். காராமணி, பூசணி கூடாரத்தின் மேலேயே ஏறிக்கொள்ளும். மண் நிரப்பிய பழைய சிமெண்டு சாக்குகளில் போட்டால், நிலச் சொந்தக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. இன்னொரு தடவை கிளம்ப நேர்ந்தால் விதைப் பொட்டலம் மடியில் அடங்கும். கீரை வயிற்றை நிரப்பாது, அரிசி வேண்டும்தான். ஆனால் அரிசியும் உப்பும் மட்டுமே தின்னும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தத் தாய்மார்களின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

பட்டியலும் படமும் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். யார் யாருக்குக் கொடுத்தோம் என்ற பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை எண், கைபேசி எண், மூட்டையோடு நிற்கவைத்து எடுத்த படம், இவை ஒரு சோதனையில் யார் கையிலாவது கிடைத்தால் அந்தக் குடும்பமே சிக்கலில் மாட்டும். சண்டைக்குப் போனவனின் தாய் என்று ஒரு பக்கம் சொல்வான், உளவாளி என்று மறுபக்கம் சொல்வான். கணக்கு வேண்டும் என்று கேட்கும் நன்கொடையாளரின் நியாயம் புரிகிறது. நாங்கள் தெரு வாரியாகக் கூடைக் கணக்கு மட்டும் எழுதுகிறோம். ஊர்க்காரர்கள் எல்லோர் முன்னிலையிலும் அளந்து கொடுக்கிறோம், அளந்து வாங்குகிறோம். யார் எவ்வளவு எடுத்தார் என்பது ஊருக்கே தெரியும்போது தனியாக ஒரு கோப்பு தேவைப்படுவதில்லை. இதற்கு ஒப்பாத நன்கொடையை ஏற்க வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

சென்னை, சிங்கப்பூர், மலேசியா என்று பல இடங்களில் இருக்கும் பர்மாத் தமிழர் குடும்பங்கள் கோயில் திருவிழாவுக்கென்று பணம் அனுப்புவது வழக்கம். அனுப்புங்கள், அம்மனுக்கு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அதில் ஒரு பங்கை நெல்லாக்கச் சொல்லிக் கோயில் நிர்வாகத்திடம் கேளுங்கள். மார்கழி, தையில் களத்து விலை குறைவு. அப்போதே வாங்கிக் காயவைத்து, ஒரு பகுதியை விதையாகவும் மீதியை ஆடி அரிசிக்காகவும் இருப்பு வைத்தால், அதே பணத்துக்கு மழைக்காலத்தில் கிடைப்பதைவிட நிறையக் கிடைக்கும். சபாபேக்குப் போகப்போகும் வீடு எது என்று ஊர்ப்பெண்களுக்கு ஆனி மாதமே தெரிந்துவிடும். அவர்களைக் கேட்டு, தரகர் வருவதற்கு முன் அந்த வீட்டுக்கு அரிசி போய்ச் சேர வேண்டும். ஏற்கெனவே முன்பணம் வாங்கிவிட்டவர்களாக இருந்தால், நெல்லை அளப்பதற்கு முன் பணமாகத் திருப்பிக் கொடுத்து மீட்கத் தரகர் சம்மதிப்பாரா என்று பேசிப் பாருங்கள். பெரியவர் ஒருவர் கூடப்போனால் சிலர் ஒப்புக்கொள்கிறார்கள், அதுவும் ஆவணிக்குள் பேசினால்தான்.